இறக்கையில் கண்ணாடி ஜன்னல் வைத்த அந்துப்பூச்சிகள்: அந்த ஜன்னல் எதற்கு? உங்கள் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த இலை என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிட்டே போனால், அது லேசாக அசைகிறது. விரித்த கை அளவுக்கு, சமயத்தில் அதைவிடவும் பெரிதாக ஒரு பூச்சி. செங்கல் நிற இறக்கை. இறக்கையின் நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒரு வளைவு. நடுவில் நான்கு முக்கோணங்கள். அவற்றின் வழியே பின்னால் இருக்கும் சுவர் அப்படியே தெரிகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இது புதுக்காட்சி அல்ல. அப்போது கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். "இது கடிக்குமா? விஷமா? பாவம், இறக்கையில ஓட்டை விழுந்திருக்கே, அடிபட்டிருக்கா?"

கடிக்காது. விஷம் கிடையாது. அடிபடவும் இல்லை. அது ஓட்டையே கிடையாது, ஜன்னல். பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய பூச்சி, பறவைகளின் கண்ணில் படாமல் தப்பிக்க உதவும் ஏற்பாடு.

அந்த ஜன்னல் எப்படி உருவாகிறது? அதனால் பூச்சிக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த அட்லஸ்?

இந்தப் பூச்சியின் பெயர் அட்லஸ் அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் அட்டாகஸ் அட்லஸ். 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் வைத்த பெயர் இது. கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கும் பூதம்தான் அட்லஸ். இறக்கையில் இருக்கும் கோலம் நிலப்படம் மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

இறக்கைகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 25 சென்டிமீட்டர் வரை வரும். அதாவது பள்ளிக்கூட ஸ்கேலில் முக்கால் பங்குக்கும் மேல். உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் இதுவும் ஒன்று. இந்தியாவின் சில பகுதிகளிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இது காணப்படுகிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது இதன் நெருங்கிய சொந்தம். அதன் அறிவியல் பெயர் அட்டாகஸ் தப்ரோபேனிஸ். இலங்கையைப் பழைய கிரேக்கர்கள் 'தப்ரோபேன்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே இந்தப் பூச்சிக்கும் வந்துவிட்டது. கேரளாவில் இதை 'நாகசலபம்' என்கிறார்கள். 'நாகம் போன்ற பூச்சி' என்று பொருள் கொள்ளலாம்.

அது ஓட்டை இல்லை என்றால், வேறு என்ன?

இதைப் புரிந்துகொள்ள, இறக்கைக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் பட்டாம்பூச்சியைப் பிடித்து விட்ட பிறகு விரலில் பவுடர் மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பவுடர் கிடையாது. நுண்ணிய செதில்கள். வீட்டுக் கூரையில் ஓடு வேய்வது போல, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, வரிசை வரிசையாக இறக்கை முழுக்க மூடியிருக்கும். சிவப்பு, பழுப்பு, வெள்ளை என்று நாம் பார்க்கும் நிறமெல்லாம் இந்தச் செதில்களின் நிறம்தான். பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் சேர்த்துக் குறிக்கும் 'லெபிடோப்டெரா' என்ற அறிவியல் சொல்லுக்கே 'செதில் இறக்கை' என்றுதான் அர்த்தம்.

ஓட்டைப் பிரித்தால் அடியில் என்ன இருக்கும்? கைட்டின் என்ற பொருளால் ஆன மெல்லிய சவ்வு. தட்டானின் இறக்கையைப் போலவே அதற்கு நிறம் கிடையாது, ஒளி ஊடுருவும்.

அட்லஸின் முக்கோணங்களில் நடப்பது இதுதான். அந்த இடத்தில் வழக்கமான செதில்கள் இல்லை. அதனால் அடியில் இருக்கும் சவ்வு அப்படியே தெரிகிறது. காற்று அதன் வழியே போகாது, வெளிச்சம் மட்டும்தான் போகும். ஆகவே ஜன்னல் என்றால், கண்ணாடி போட்டு மூடிய ஜன்னல்.

செதில் இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்துப்பூச்சிக்குச் செதில் என்பது வெறும் பெயின்ட் கிடையாது.

சிலந்தி வலையில் மாட்டிக்கொண்டால், ஒட்டிய செதில்களை மட்டும் வலையில் விட்டுவிட்டு அந்துப்பூச்சி நழுவிவிடும். ஈ, தேனீக்கு இந்த வசதி இல்லை. மழைத்துளி இறக்கையில் ஒட்டாமல் உருண்டு ஓடவும் செதில் உதவுகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. இரவில் வௌவால்கள் நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதை வைத்து இரையைக் கண்டுபிடிக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அந்துப்பூச்சி இறக்கையின் செதில்கள் இந்த ஒலியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன என்று காட்டினார்கள். எதிரொலி குறைந்தால், வௌவாலுக்குப் பூச்சி இருக்கும் இடம் தெரிவதும் குறையும்.

இத்தனை வேலை செய்யும் செதிலை, இறக்கையின் நான்கு இடங்களில் இந்தப் பூச்சி இழந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு ஜன்னலால் ஏதோ ஒரு பலன் இருந்தாக வேண்டும்.

ஜன்னல் எதற்கு?

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்கள் மூன்று.

முதல் விளக்கம், காய்ந்த இலை. அட்லஸ் பகலில் பறப்பதில்லை. கிளையிலோ மரத்தண்டிலோ இறக்கையை விரித்து அப்படியே இருக்கும். அதன் பழுப்பு நிறத்தோடு, நடுவே வெளிச்சம் தெரியும் இடங்களும் சேர்ந்தால், பூச்சி அரித்த சருகு போலத் தோன்றும். இரையைத் தேடும் பறவைக்குச் சருகு தேவையில்லை.

இரண்டாவது விளக்கம், போலிக் கண். இது அட்லஸைவிட அதன் சொந்தக்காரப் பூச்சிகள் சிலவற்றுக்குப் பொருந்தும். வட அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெரிய அந்துப்பூச்சிக்குப் பாலிஃபீமஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் வரும் ஒற்றைக்கண் பூதத்தின் பெயர் அது. இந்தப் பூச்சியின் பின் இறக்கைகளில் பெரிய கண் வடிவம் இருக்கும். அதன் நடுவில் கண்மணி போல ஒரு கண்ணாடிப் பொட்டு. தொந்தரவு செய்தால் முன் இறக்கையைச் சட்டென்று விலக்கி இந்தக் 'கண்'களைக் காட்டும். பறவை ஒரு நொடி தயங்கினாலும் போதும், பூச்சி தப்பித்துவிடும்.

மூன்றாவது விளக்கம், உருவத்தை உடைப்பது. பறவை ஒரு பூச்சியை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் வெளிக்கோட்டை வைத்துத்தான். முழு இறக்கை என்றால் முழு உருவம் கண்ணில் படும. நடுநடுவே பின்னணி தெரிந்தால், 'இது ஒரே பொருள்' என்ற எண்ணமே கலைந்துவிடும்.

பறவைகளிடமே கேட்டுப் பார்த்தார்கள்

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. மோனிகா அரியாஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2020-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள்.

செயற்கையாகச் செய்த பூச்சிகளை வெளியில், காட்டுப் பறவைகள் இரை தேடும் இடத்தில் வைத்தார்கள். மூன்று வகை. முதல் வகைக்கு முழுக்கச் சாம்பல் நிற இறக்கை. இரண்டாவது வகைக்கு அதே சாம்பல் இறக்கையில் கண்ணாடி போன்ற ஜன்னல்கள். மூன்றாவது வகைக்கு இறக்கையே கிடையாது, உடல் மட்டும்.

முழுச் சாம்பல் இறக்கை வைத்தவற்றைவிட, ஜன்னல் வைத்தவை அதிகம் தப்பின. எந்த அளவுக்கு என்றால், இறக்கையே இல்லாத வெறும் உடலுக்கு இணையாகத் தப்பின.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், முழுச் சாம்பல் பூச்சியும் மரப்பட்டை நிறத்தில் மறைந்துகொள்ளக் கூடியதுதான். ஏற்கெனவே மறைந்திருக்கும் பூச்சிக்குக்கூட, இறக்கையில் ஜன்னல் இருந்தால் இன்னும் பாதுகாப்பு கூடுகிறது. தரையில் வாழும், ஏற்கெனவே மறைவான நிறம் கொண்ட இரைக்கு ஒளி ஊடுருவும் தன்மை உதவுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் இது என்று அந்த ஆய்வு சொல்கிறது.

கண்ணாடி என்றால் வெயிலில் மின்னாதா?

நல்ல கேள்வி. ஜன்னல் கண்ணாடியில் சூரிய வெளிச்சம் பட்டால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். பூச்சியின் இறக்கை அப்படி மின்னினால், மறைந்திருப்பதே வீண்.

இதற்கான பதிலைக் காட்டும் இன்னொரு பூச்சி நம் ஊர்த் தோட்டங்களிலேயே இருக்கிறது. காபித் தேனீப் பருந்துப்பூச்சி. அறிவியல் பெயர் செஃபோனோடிஸ் ஹைலாஸ். பட்டப்பகலில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். பார்ப்பவர்கள் தேனீ என்றோ தேன்சிட்டு என்றோ நினைத்துவிடுவார்கள். இதன் புழுக்கள் காபிச் செடி, கார்டீனியா செடிகளின் இலைகளைத் தின்று வளரும்.

இதன் இறக்கையில் ஜன்னல் கிடையாது. கிட்டத்தட்ட இறக்கை முழுவதுமே கண்ணாடிதான். கூட்டிலிருந்து வெளியே வரும்போது இறக்கையில் செதில்கள் இருக்கும். முதல் முறை பறக்கும்போது அவை அப்படியே உதிர்ந்துவிடும். அதன் பிறகு இறக்கையின் பெரும்பகுதி தெளிவான சவ்வு.

இந்தப் பூச்சியின் இறக்கையை 1990-களில் ஜப்பானில் ஆராய்ந்தபோது, சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முட்டுகள் நெருக்கமாக வரிசையாக இருப்பது தெரிந்தது. ஒளி அலையின் நீளத்தைவிடச் சிறியவை அவை. வெளிச்சம் சவ்வில் மோதித் திரும்பாமல் உள்ளே நழுவிப் போக அவைதான் உதவுகின்றன. அந்த முட்டுகளைத் தேய்த்து எடுத்துவிட்டால் இறக்கையில் பளபளப்பு கூடிவிடுகிறது. அந்துப்பூச்சிகளின் கண்ணிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. அதைப் பார்த்துத்தான் மின்னாத கண்ணாடிப் பரப்புகளைச் செய்யும் ஒரு தொழில்நுட்பத்துக்கு 'அந்துப்பூச்சிக் கண்' என்றே பெயர் வந்தது.

ஆனால் எல்லா அந்துப்பூச்சியும் ஒரே வழியில் ஜன்னல் செய்வதில்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒளி ஊடுருவும் இறக்கை கொண்ட 123 வகைப் பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் எடுத்துப் பார்த்தது. சிலவற்றில் செதிலே இல்லை. சிலவற்றில் செதில் முடி போல மெலிந்திருக்கிறது. சிலவற்றில் செதில் இருக்கிறது, ஆனால் அதில் நிறம் இல்லை. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத குடும்பங்கள், தனித்தனியாக, வெவ்வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தப் பாம்புத் தலை நிஜமா?

அட்லஸின் முன் இறக்கை நுனி, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நாகத்தின் தலை மாதிரியே இருக்கும். கண் இருக்கும், வாய்க்கோடு இருக்கும். சீன மொழியிலும் இதற்குப் 'பாம்புத்தலைப் பூச்சி' என்று ஒரு பெயர் உண்டு. தொந்தரவு செய்தால் இந்தப் பூச்சி கீழே விழுந்து இறக்கையை மெதுவாக அசைக்கும். பாம்பு தலையாட்டுவது போல இருக்கும்.

ஆனால் அந்த நுனிக்கு வேறொரு வேலையும் இருப்பதாக 2021-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மடிப்பும் வளைவும் வௌவாலின் ஒலியை மிக வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. வௌவாலுக்கு 'இரை இங்கேதான்' என்று தோன்றுவது உடலில் இல்லை, இறக்கை நுனியில். அது பாய்ந்து கடித்தால் கிடைப்பது ஒரு துண்டு இறக்கை மட்டுமே. நுனி கிழிந்தாலும் பூச்சி பறந்துவிடும்.

ஆக, பகலில் பறவைக்கு ஜன்னல். இரவில் வௌவாலுக்கு நுனி. ஒரே இறக்கையில் இரண்டு எதிரிகளுக்கும் தனித்தனி ஏற்பாடு.

வாய் இல்லாத வாழ்க்கை

இவ்வளவு பாதுகாப்பும் எத்தனை நாளுக்கு? ஒரு வாரம். மிஞ்சிப் போனால் இரண்டு வாரம்.

வளர்ந்த அட்லஸ் பூச்சிக்குச் சாப்பிடக்கூடிய வாய் கிடையாது. புழுப் பருவத்தில் தின்றுவைத்த இலைச்சத்துதான் அதன் மொத்தச் சொத்து. இலவங்கப்பட்டை, கொய்யா, எலுமிச்சை வகைச் செடிகள் என்று பலவற்றின் இலைகளை அந்தப் புழு தின்னும். வெள்ளை மாவு பூசியது போன்ற உடலோடு, முழுதாக வளர்ந்தால் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் வரும். பிறகு இலையை இழுத்துப் பட்டு நூலால் சுற்றிக் கூடு கட்டும். சில வாரங்களுக்குப் பிறகு பூச்சியாக வெளியே வரும்.

வெளியே வந்ததும் கைவசம் இருக்கும் கொழுப்பை வைத்து ஒரே ஒரு வேலையைத்தான் அது முடிக்க வேண்டும். இணை சேர்ந்து முட்டையிடுவது. பெண் பூச்சி பெரும்பாலும் கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, காற்றில் ஒரு வாசனையைப் பரப்பும். ஆண் பூச்சியின் உணர்கொம்பு இறகு விசிறி போல அகலமாக இருக்கும். வெகு தூரத்திலிருந்தே அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு தேடி வரும்.

பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் சேமிப்பிலிருந்து செலவு. திரும்ப நிரப்ப வழியில்லை. அதனால்தான் பகலில் அசையாமல் இருப்பது அதற்கு அவ்வளவு முக்கியம். ஜன்னல் காப்பாற்றிக் கொடுப்பது அந்தச் சில பகல்களைத்தான்.

'நான்கு கண்ணாடி'யும் ஒரு நடனமும்

அட்லஸ் சேர்ந்த குடும்பத்துக்குச் சடர்னிடே என்று பெயர். ராட்சதப் பட்டு அந்துப்பூச்சிகள் என்றும் சொல்வார்கள். ஜன்னல் இந்தக் குடும்பத்தில் பல இடங்களில் காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் நியூகினியிலும் இருக்கும் ஹெர்குலிஸ் அந்துப்பூச்சிக்கும் இறக்கையில் ஜன்னல் உண்டு.

மெக்சிகோவின் வடமேற்கில் ரோத்ஸ்சைல்டியா என்ற வகை இருக்கிறது. நான்கு இறக்கையிலும் நான்கு ஜன்னல் என்பதால் அங்கே அதன் பெயரே 'நான்கு கண்ணாடி'. யாக்கி, மாயோ என்ற பூர்வகுடி மக்கள் இதன் காலிக் கூடுகளைச் சேகரித்து, உள்ளே சின்னச் சின்னக் கூழாங்கற்களைப் போட்டு, நூலில் கோத்துக் காலில் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் சடங்கு நடனத்தில் அதுதான் சலங்கை. வெண்கலச் சலங்கை போலக் கணீரென்று ஒலிக்காது, சருகில் நடப்பது போலச் சலசலக்கும்.

அந்தச் சலங்கைக்குக் கூடு வேண்டும். கூடு வேண்டுமென்றால் பூச்சி வேண்டும். பூச்சி வேண்டுமென்றால் அதன் புழு தின்னும் புதர்க்காடு மிஞ்சியிருக்க வேண்டும்.

நீங்கள் உடுத்தும் பட்டிலும் இந்த ஜன்னல் உண்டு

இந்தியாவுக்கும் இதில் பெரிய தொடர்பு உண்டு. மல்பெரி, டசர், எரி, முகா ஆகிய நான்கு வகைப் பட்டையும் வணிக அளவில் உற்பத்தி செய்யும் ஒரே நாடு இந்தியா. இதில் மல்பெரி தவிர மற்ற மூன்றும் அட்லஸ் இருக்கும் அதே சடர்னிடே குடும்பத்துப் பூச்சிகள் தருபவை.

டசர் பட்டுப்பூச்சியின் நான்கு இறக்கையிலும் ஆளுக்கொரு வட்டக் கண். அதன் நடுவே கண்ணாடி ஜன்னல். எரி பட்டுப்பூச்சிக்குப் பிறை வடிவில், ஓரளவு வெளிச்சம் ஊடுருவும் பட்டை.

டசர் உற்பத்தியில் முதலிடம் ஜார்க்கண்டுக்கு. சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலும் இது பழங்குடிக் குடும்பங்களின் வருமானம். மல்பெரிப் புழுவை வீட்டுக்குள் தட்டில் வைத்து வளர்ப்பது போல இதை வளர்க்க முடியாது. மருது, கருமருது போன்ற மரங்களில், திறந்த வெளியில் விடுவார்கள். எறும்பு, குளவி, பறவை எதுவும் வராமல் குடும்பமே மாறி மாறிக் காவல் இருக்கும். காடு போனால் மரம் போகும், மரம் போனால் அந்தத் தொழிலும் போகும்.

அமெரிக்கா ஏன் பதறியது?

2022 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், பெல்வியூ என்ற நகரில், ஒரு வீட்டின் கார் ஷெட் சுவரில் அட்லஸ் அந்துப்பூச்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டு வேளாண் துறை அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் இது பதிவானது அதுவே முதல் முறை.

மக்கள் இதைக் கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். காரணம், அங்கே இது தடை செய்யப்பட்ட வெளிநாட்டுப் பூச்சி. மனிதனை எதுவும் செய்யாது என்று அவர்களே சொன்னார்கள். புழு பல வகைச் செடிகளைத் தின்னும் என்பதுதான் அச்சம்.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு 'ஆபத்தான பூச்சி' என்று இங்கே யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அங்கே அது அந்நியம். இங்கே அது மண்ணின் பூச்சி. அதைத் தின்னும் பறவையும் வௌவாலும் இங்கேயே இருக்கின்றன.

வீட்டுச் சுவரில் வந்து உட்காரக் காரணம் என்ன?

இங்கேதான் நம் பங்கு வருகிறது. அந்தப் பூச்சி ஆசைப்பட்டு உங்கள் வீட்டுக்கு வரவில்லை. விளக்குதான் அதைப் பிடித்து நிறுத்தியது.

பூச்சிகள் விளக்கைச் சுற்றுவது ஏன் என்பது ரொம்ப நாள் விவாதம். நிலா என்று ஏமாறுகிறது, சூட்டுக்காக வருகிறது என்றெல்லாம் சொன்னார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அதிவேக கேமராக்களில் படம் பிடித்து 2024-ல் ஒரு விளக்கத்தை வெளியிட்டது. இரவில் தரையைவிட வானம் வெளிச்சம். அதனால் பறக்கும் பூச்சி, வெளிச்சம் இருக்கும் பக்கம் தன் முதுகைத் திருப்பி வைத்து 'மேல் எது, கீழ் எது' என்று கணக்குப் போடுகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதை வானம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டும். உடனே பாதை வளையும். சுற்றிச் சுற்றி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மற்ற பூச்சிக்கு அது ஓர் இரவு வீண். வாயில்லாத, ஒரு வாரமே வாழும் பூச்சிக்கு அது ஆயுளில் பெரிய பங்கு. அதோடு விடிந்த பிறகு, சருகுகளுக்கு நடுவே மறைய வேண்டியது வெள்ளைச் சுவரில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். அங்கே ஜன்னல் வழியே தெரிவதும் வெள்ளைச் சுவர்தான். காகமோ பூனையோ கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. பறவைக்கும் வௌவாலுக்கும் வழி வைத்திருக்கும் அந்த இறக்கையில், வாசல் விளக்குக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

- முதலில் விளக்கை அணையுங்கள். இரவில் பார்த்தால் அது ஒன்றே போதும். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும்.
- பகலில் பார்த்தால், காகமோ பூனையோ தொந்தரவு செய்யாத இடம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இருட்டியதும் கிளம்பும்.
- ஆபத்தான இடத்தில் இருந்தால், இறக்கையைப் பிடிக்காதீர்கள். ஒரு குச்சியையோ இலையையோ கால் பக்கம் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். பக்கத்து மரத்தின் நிழலில் விடுங்கள்.
- தண்ணீர், தேன், சர்க்கரை எதுவும் வைக்க வேண்டாம். அதற்குக் குடிக்க வாய் இல்லை.
- செதில் கண்ணில் பட்டால் உறுத்தலாம். கையில் பட்டால் கழுவிக்கொண்டால் போதும்.
- அழகாக இருக்கிறதே என்று டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள். நீங்கள் ஒரு நாள் வைத்திருந்தால், அதன் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு போய்விடலாம்.
- இரவு முழுக்க எரியத் தேவையில்லாத வாசல் விளக்கை, தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

போட்டோ எடுக்க வேண்டுமா? தாராளமாக எடுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். அந்த நான்கு முக்கோணங்களும் படத்தில் வரும்படி எடுத்தால், பின்னால் இருக்கும் சுவரும் அவற்றின் வழியே தெரியும். எடுத்து முடித்ததும் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். மறுநாள் காலையில் அந்த இடம் காலியாக இருந்தால், அது போக வேண்டிய இடத்துக்குக் கிளம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.